பாறையில் தங்கிய பரம்பரைப் பெயர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், அடிவாரத்தைத் தாண்டியதும் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணியபடியே ஏறியிருப்பீர்கள். அடுத்த முறை வளைவுகளை எண்ணுவதை விட்டுவிட்டு மலைச்சுவரைக் கவனியுங்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் பாறையின் உள்முகம் தெரியும். வெயிலும் மழையும் பட்டுப் புறத்தே பழுப்பேறிய அந்தக் கல், புதிதாக உடைந்த இடத்தில் கரும்பச்சையும் நீலச் சாம்பலும் கலந்த நிறத்தோடு, எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். ஊரார் அதைக் கருங்கல் என்பார்கள். நிலவியல் படித்தவர்கள் சார்னோகைட் என்பார்கள்.

பாறைகளுக்கும் கனிமங்களுக்கும் பெயர் வைக்கும்போது இறுதியில் 'ஐட்' என்று சேர்ப்பது அறிவியலாரின் வழக்கம். அந்த வாலை நீக்கிவிட்டால் மிஞ்சுவது 'சார்னாக்'. இது ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர். ஸ்மித், ஜான்சன் என்பவை போல ஊருக்கு ஊர் கேட்கிற பெயர் அன்று. ஆங்கிலேயரிடையே கூட அரிதாக வழங்குவது. இப்பெயரைப் பாறைக்கு அளித்தவர் காப்பித் தோட்டம் போட்ட துரைமார்களில் ஒருவரோ என்று நினைக்க வேண்டாம். அவர்கள் சேர்வராயன் மலைக்கு வந்தது 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகள் முன்னதாகவே நம் பெயருக்குரியவர் கங்கைக் கரையில் இறந்து புதைக்கப்பட்டுவிட்டார். அப்படியிருக்க, அவர் பெயர் சேலம் மாவட்டத்து மலைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

கிழார்களும் சார்னாக்குகளும்

குடும்பப் பெயர் என்பது நமக்குச் சற்று அந்நியமான ஏற்பாடு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. ஆனால் ஒருவரை இன்னார் என்று பிரித்துக் காட்டும் தேவை எல்லா நாட்டுக்கும் பொது. சங்கப் புலவர் பெயர்களை நினைத்துப் பாருங்கள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்று பலர் இருக்கிறார்கள். கிழார் என்றால் உரிமையுடையவர். ஊரை வைத்து ஆளை அடையாளம் காட்டும் பெயர் இது. முடமோசியார் என்ற பெயரோ உடற்குறையை வைத்து வந்தது. இங்கிலாந்திலும் இதே வழிகளில்தான் பெயர்கள் தோன்றின. ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகிய நான்கில் அவர்களுடைய குடும்பப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை அடங்கிவிடும். வேறுபாடு ஒன்றுதான். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நிலவுரிமையும் வரியும் ஏட்டில் ஏறத் தொடங்கின. அப்பன் பெயரோடு அவன் ஊர்ப்பெயரும் மகனுக்கு இறங்கியது. கோவூர் கிழாரின் பேரன் பேத்திகள் எல்லாரும் 'கோவூர்' என்றே வழங்கப்பட்டிருந்தால் எப்படியோ, அப்படி.

சார்னாக்கும் ஊர்ப்பெயர்தான். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், சார்லி என்ற சிறு நகருக்கு அருகே, அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ஹீத் சார்னாக். மற்றொன்று சார்னாக் ரிச்சர்டு. இரண்டாவது ஊரின் பெயரிலுள்ள ரிச்சர்டு, 13-ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்துக்கு உரியவராக இருந்தவர். ஊர் ஆளுக்குப் பெயர் கொடுத்தது. ஆள் திரும்ப ஊருக்குத் தம் பெயரைக் கொடுத்துவிட்டார்! இன்றைய ஆங்கிலேயர் பலருக்கு இந்த ஊர்ப்பெயர் தெரிந்திருப்பது வேறொரு காரணத்தால். எம்-6 நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்று தேநீர் குடித்துப் போவதற்கான நிறுத்தம் 1963-இல் அங்கே திறக்கப்பட்டது.

சரி, சார்னாக் என்றால் பொருள் என்ன? ஆங்கில மொழியில் தேடினால் கிடைக்காது. ஏனெனில் அது ஆங்கிலச் சொல் அன்று. ஆங்கிலர் வந்து குடியேறுவதற்கு முன் பிரிட்டனில் பேசப்பட்டது, இன்றைய வெல்ஷ் மொழிக்குத் தாயான பழைய பிரிட்டானிய மொழி. அம்மொழியில் 'கர்ன்' என்றால் பாறை, கற்குவியல். இறந்தோர் மேல் கற்களைக் குவித்து மூடியதைச் சங்க நூல்கள் 'பதுக்கை' என்று சொல்லுமே, அத்தகைய குவியலுக்கும் இச்சொல் வழங்கும். கல்வட்டங்களைப் பற்றி ஆராய்வோர் பயன்படுத்தும் 'கெய்ர்ன்' என்ற சொல்லும் இதன் உறவுதான். 'கர்ன்' என்பதோடு இடத்தைக் குறிக்கும் விகுதி சேர்ந்து, 'கல் நிறைந்த இடம்' என்ற பொருளில் இவ்வூர்ப்பெயர் அமைந்தது என்பது இடப்பெயர் ஆய்வாளர்களின் கருத்து.

'க' எப்படிச் 'ச' ஆயிற்று என்று கேட்பீர்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. கன்னடத்தில் 'கிவி' என்பது நமக்குச் 'செவி'. அவர்களுடைய 'கெம்பு' நமக்குச் 'செம்மை'. ககரம் சில உயிரொலிகளை அடுத்து வரும்போது நாவின் இடம் முன்னே நகர்ந்து சகரமாகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தில் 'கிர்க்' என்று வழங்கும் சொல் இங்கிலாந்தில் 'சர்ச்' ஆனது இப்படித்தான்.

இதே 'கர்ன்' இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள சார்ன்வுட் என்ற காட்டின் பெயரிலும் ஒளிந்திருக்கிறது. அங்கே 1957-இல் ஒரு பள்ளி மாணவர் பாறை முகத்தில் இறகு போன்ற பதிவு ஒன்றைக் கவனித்துச் சொன்னார். உலகின் மிகத் தொன்மையான பல செல் உயிரிகளில் ஒன்றின் புதைபடிவம் அது. சுமார் 56 கோடி ஆண்டுப் பழமை உடையது. காட்டின் பெயரால் அதற்குச் 'சார்னியா' என்று பெயரிட்டார்கள். ஆக, வழக்கொழிந்த மொழியின் ஒரே சிறு சொல், ஒரு புதைபடிவத்தின் பெயரிலும் ஒரு பாறையின் பெயரிலும் புகுந்து உலகப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சார்னாக் ரிச்சர்டு வட்டாரத்தில் சார்னோகைட் கிடையாது. அங்குள்ளவை மணற்கல்லும் நிலக்கரிப் படுகைகளும்.

பெயரைச் சுமந்தவர்கள்

அரிய பெயராயினும் சார்னாக்குகள் சும்மா இருந்தவர்கள் அல்லர். தாமஸ் சார்னாக் என்பவர் 16-ஆம் நூற்றாண்டின் ரசவாதி. இழிந்த உலோகங்களைப் பொன்னாக்கும் கல் ஒன்று உண்டு என்று நம்பி, இரவு பகலாக உலையில் தீ அணையாமல் காத்தவர். கல் கிடைக்கவில்லை. ராபர்ட் சார்னாக் என்பவர் ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஒன்றின் உயர் பதவியில் இருந்தவர். மூன்றாம் வில்லியம் மன்னரைக் கொல்லச் சதி செய்தார் என்று 1696-இல் தூக்கிலிடப்பட்டார். லங்காஷயரில் தங்கிவிட்ட மூலக் குடும்பம் சார்லியில் ஆஸ்ட்லி மாளிகையைக் கட்டியது. ஆனால் 17-ஆம் நூற்றாண்டிலேயே அக்கிளையின் வாரிசு ஒரு பெண்ணாகிவிட்டது. அவர் மணமுடித்ததும் மாளிகை புரூக் குடும்பத்துக்குப் போயிற்று. குடும்பப் பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்கும் நாட்டில், பெயர்கள் அருகிப்போவதற்கு இதுவே தலையாய காரணம். வீடு நிற்கும், பெயர் நிற்காது.

இனி நம் கதைக்கு உரியவருக்கு வருவோம். ஜோப் சார்னாக் 1630 வாக்கில் பிறந்தவர், லண்டன்காரர். 1650-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தார். 1664 முதல் சுமார் 16 ஆண்டுகள் பாட்னாவில் கம்பெனியின் பண்டகசாலைக்குத் தலைவராக இருந்தார். அங்கே அவருடைய முக்கிய வேலை வெடியுப்பு வாங்கி அனுப்புவது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். துப்பாக்கி மருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதுதான். கால்நடைக் கழிவும் சாம்பலும் சேர்ந்த பீகார் மண்ணில் நுண்ணுயிர்களின் செயலால் அது வெண்ணிறமாகப் பூக்கும். சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி எடுப்பார்கள். ஐரோப்பாவின் போர்கள் பல, பீகாரின் உப்பு மண்ணைக் கொண்டு நடந்தவை என்றால் மிகையாகாது.

பின்னர் வங்காளத்தில் முகலாய அதிகாரிகளோடு கம்பெனி மோதியது, தோற்றது. சார்னாக்கும் மற்ற ஆங்கிலேயரும் வங்காளத்தை விட்டுக் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். 1689-இல் அவர் சென்னையில் இருந்தார் என்பதற்குச் சான்று கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயப் பதிவேடு. மேரி, எலிசபெத், காதரீன் என்ற அவருடைய மூன்று பெண்களும் அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். மூவரும் பிறகு மணமாகி ஐயர், போரிட்ஜ், ஒயிட் என்ற பெயர்களுக்குள் மறைந்தார்கள். (ஐயர் என்றதும் நம்மூர் ஐயர் என்று எண்ணிவிடாதீர்கள், அது சார்லஸ் ஐயர் என்ற ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்.) ஆஸ்ட்லி மாளிகையில் நடந்ததே இந்தியாவிலும் நடந்தது.

சமாதானமானதும் சார்னாக் வங்காளத்துக்குத் திரும்பி, 1690 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஹூக்ளி நதிக்கரையில் சுதானுதி என்ற சிற்றூரில் இறங்கினார். அங்கேயே தங்கினார், அங்கேயே இறந்தார். கல்லறைக் கல்லில் இலத்தீன் மொழியில் 1692 ஜனவரி 10 என்று வெட்டியிருக்கிறது. நம் கணக்குப்படி அது 1693. ஏனெனில் அக்காலத்து இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ஆம் நாள்தான் தொடங்கியது. 1752-இல் நாட்காட்டியைத் திருத்தும் வரை ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழைய ஆண்டின் கணக்கிலேயே சேர்ந்தன. பழைய கல்வெட்டுகளைப் படிக்கும் மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மருமகன் சார்லஸ் ஐயர் மாமனாருக்கு எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் எழுப்பினார். இப்போதும் கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அதைக் காணலாம். அதற்குள் கரிய கற்பலகை ஒன்று. இந்தக் கல் எங்கிருந்து வந்தது? கொல்கத்தாவில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும்தான் வரும், கல்லுக்கு வழியில்லை. சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் நல்ல கருங்கல் உண்டு. தேர்ந்த கல்தச்சர்களும் உண்டு. எழுத்து மேலே புடைத்து நிற்கும்படி செதுக்கும் கைத்திறன் அவர்களுக்கு இருந்தது. ஆகவே பலகை சென்னையிலிருந்து கடல்வழியே போயிற்று. 200 ஆண்டுகள் அங்கே கிடந்தது.

ஒரு பொய்ச் சொற்பிறப்பு

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கொல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூர் இருக்கிறது. அதற்குச் 'சாணக்' என்று ஒரு பழைய பெயர் வழங்கிற்று. சார்னாக் அங்கே மாளிகை கட்டி வாழ்ந்தார், அதனால்தான் சாணக் என்று வெகுகாலம் எல்லாரும் எழுதி வந்தார்கள். ஒலி ஒத்திருக்கிறது, காலமும் ஒத்திருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் சார்னாக் வங்காளத்தில் பெயர் பெறுவதற்கு முன்பே டச்சுக்காரர்கள் வரைந்த நிலப்படத்தில் அவ்வூர்ப்பெயர் காணப்படுகிறது. மகன் பிறந்த பிறகு தந்தை பிறக்க முடியுமா? கதை அதோடு முடிந்தது.

சேர்வராயன் மலைவாழ் மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்று பொருள்படும் அப்பெயருக்கும் கேரளத்து மொழிக்கும் தொடர்பில்லை என்பதை அறியாமல், வெளியூரிலிருந்து வருவோர் இன்றும் அவர்களிடம் மலையாளத்தில் பேசிப் பார்க்கிறார்கள்! ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். ஒரு பெயரின் வரலாறு அறிய அதன் மிகப் பழைய எழுத்து வடிவம் எது, எந்த ஆண்டு, எந்த ஏடு என்று மூன்றையும் கேட்க வேண்டும். கற்கருவியை எடுத்த ஆய்வாளர் அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று கேட்பதும் இதே முறைதான்.

கல்லறையிலிருந்து மலைக்கு

தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளைஞர் 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறையை அறிய அவர் கையாண்ட கருவி நுண்ணோக்கி. பாறைச் சில்லைத் தேய்த்துத் தேய்த்து, 0.03 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக்கினால், கருங்கல்லும் ஒளியைத் தன்னுள்ளே புகவிடும். அந்தச் சீவலைக் கண்ணாடியில் ஒட்டி, ஒருமுகப்பட்ட ஒளியில் சுழற்றிப் பார்ப்பார்கள். சென்னைக் கருங்கல்லின் சீவலில் குவார்ட்ஸ் இருந்தது, பெல்ஸ்பார் இருந்தது, இவை கிரானைட்டிலும் உள்ளவைதாம். கூடவே, சுழற்றும்போது இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும் ஒரு கனிமமும் இருந்தது. அது ஹைப்பர்ஸ்தீன், இரும்பும் மக்னீசியமும் கொண்ட சிலிகேட். சாதாரணக் கிரானைட்டில் இதைக் காண முடியாது.

சார்னாக்கின் கல்லறைப் பலகையும் இதே வகைதான் என்று ஹாலந்து கண்டார். 1893-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தக் கல்லறைக் கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தனிப்பெயர் இல்லாதிருந்த இப்பாறைக்கு, கொல்கத்தாவை நிறுவியவர் என்று அவர் காலத்தார் போற்றிய மனிதரின் நினைவாகச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார். இறந்தவரின் பெயரைக் கல்லில் பொறிப்பது உலக வழக்கம். இங்கே கல்லே இறந்தவரின் பெயரைப் பெற்றது. 'கல் நிறைந்த இடம்' என்று பொருள்படும் ஊர்ப்பெயர், குடும்பப் பெயராகி, ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்து, மீண்டும் ஒரு கல்லுக்கே பெயராகிவிட்டது. இதை யாரும் திட்டமிடவில்லை.

1900-இல் ஹாலந்து விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். பல்லாவரத்தில் கண்ட பாறைக்கு உறவான பாறைகள் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் தென்னிந்தியாவின் பிற மலைகளிலும் பரந்து கிடப்பதை அதில் காட்டினார். இப்படித்தான் லங்காஷயர்ப் பெயர் கொல்கத்தாக் கல்லறை வழியாகவும் பல்லாவரத்துக் கல்குழி வழியாகவும் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹாலந்து பின்னர் அத்துறையின் தலைவரானார். அவர் பெயரும் தப்பவில்லை. மத்திய இந்தியாவில் கிடைத்த ஒரு மாங்கனீசு கனிமம் ஹாலந்தைட் என்று வழங்குகிறது.

பெயர் நிலைத்தது, பொருள் நிலைக்கவில்லை. சார்னோகைட் எப்படி உண்டாகிறது என்பது பற்றி நூறாண்டுக்கு மேல் வாக்குவாதம் நடந்திருக்கிறது. உருகிய குழம்பு இறுகிப் பிறந்த தீப்பாறை என்றார் ஹாலந்து. அல்ல, முன்பே இருந்த பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து மாறிய உருமாற்றப் பாறை என்றனர் பின்வந்தோர். 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தில் கப்பால் என்ற ஊர்க் கல்குழியிலிருந்து அரிய சான்று ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிற நைஸ் பாறையின் நடுவே திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும் கரும்பச்சைச் சார்னோகைட் படர்ந்திருந்தது. மாற்றம் பாதியில் நின்றுபோன நிலை! மைக்கா, ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களின் படிக அமைப்பில் நீரின் கூறு உண்டு. ஆழத்தில் 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது வெளியேறும்போது, நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் பிறக்கிறது. குவார்ட்ஸ் மணிகளுக்குள் அகப்பட்ட நுண்குமிழிகளில் கரியமில வாயு இருப்பதைப் பார்த்தவர்கள், கீழிருந்து எழும்பிய அவ்வாயுவே நீரை விரட்டியிருக்கும் என்றார்கள். இரண்டு வழிகளிலும் சார்னோகைட் தோன்றும் என்பதே இன்று பலரும் ஏற்பது. எப்படியாயினும் ஒன்று உறுதி. சேர்வராயன் பாறை சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையது. 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் சமைந்தது. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர்ப் பாறையும் அரித்துப் போன பிறகே அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் ஏற்காட்டுக்கு 'ஏறிப்' போகிறீர்கள். நிலவியல் கணக்கில் பூமியின் அடித்தளத்துக்கு இறங்கிப் போகிறீர்கள்.

இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் சார்னோகைட் உண்டு. இந்நிலங்கள் யாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டியிருந்தவை.

பல்லாவரத்தை விடுவதற்குமுன் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். சார்னோகைட்டின் பிறந்தகமாகக் கருதப்படும் அதே பல்லாவரத்தில், 1863 மே 30-ஆம் நாள், சரளை மண்ணிலிருந்து குவார்ட்சைட் கற்கருவி ஒன்றை எடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற்சான்று அதுவே. சேலம் மாவட்டப் பாறைகளை வில்லியம் கிங்குடன் சேர்ந்து ஆராய்ந்து 1864-இல் நூல் எழுதியவரும் அவர்தான். அப்போது இப்பாறைக்குச் சார்னாக்கின் பெயர் கிடையாது. முதுமையில் அவர் ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டார். சேர்வராயன் மலையிலிருந்தும் புதிய கற்காலக் கோடரிகளைத் திரட்டினார். 1912 டிசம்பரில் காலமானார். ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்த மலையில் உண்மையாகவே வாழ்ந்து, நடந்து, ஆராய்ந்த மனிதரின் பெயர் இம்மலைப் பாறைக்குக் கிடைக்கவில்லை. மலையைப் பாராத வணிகருக்குக் கிடைத்தது. பெயர்கள் தகுதி பார்த்து வருவதில்லை.

சார்னாக்கின் தகுதியையே நீதிமன்றம் கேள்வி கேட்டுவிட்டது. சார்னாக் வந்திறங்குவதற்கு முன்பே சுதானுதி, கோவிந்தபூர், கலிகட்டா என்ற மூன்று ஊர்களும் இருந்தன, மக்கள் வாழ்ந்தனர், வாணிகமும் நடந்தது. அவ்வூர்களின் உரிமையைச் சபர்ண ராய் சவுத்ரி குடும்பத்தாரிடமிருந்து கம்பெனி பெற்றதோ 1698-இல், சார்னாக் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின். அக்குடும்பத்தார் தொடுத்த வழக்கில், அறிஞர் குழு ஒன்றின் அறிக்கையைக் கேட்டு, 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சார்னாக் அந்நகரை நிறுவியவர் அல்லர்; ஆகஸ்ட் 24 அதன் பிறந்த நாளும் அன்று. தீர்ப்பு பாடநூல்களைத் தொட்டது. பாறையைத் தொடவில்லை.

அப்படியானால் பாறையின் பெயரையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். சார்னோகைட் என்றால் நார்வேயிலும் பிரேசிலிலும் ஒரே பொருள் கொள்கிறார்கள். அறிவியல் பெயர் ஒரு முகவரி. மாற்றினால் நூற்றாண்டுக் கடிதங்கள் வழி தவறும். நம் மலைப் பாறைகளில் ஒரு பகுதியைக் கண்டிப்பான வகைப்பாட்டில் எண்டர்பைட் என்று பிரிக்கிறார்கள். அப்பெயர் அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்திலிருந்து வந்தது. அந்நிலத்தின் பெயர் திமிங்கில வேட்டைக் கப்பல்களை அனுப்பிய எண்டர்பி என்ற லண்டன் குடும்பத்திலிருந்து வந்தது. மற்றுமோர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயர்! ஒன்றை மாற்றினால் எங்கே நிறுத்துவது? ஆனால் சேலத்துப் பிள்ளைகள் பாடத்தில் 'கல்கத்தாவை நிறுவிய சார்னாக்கின் பெயரால்' என்று இன்னும் நெட்டுருச் செய்வது தவறு. 'நிறுவியவர் என்று அன்று நம்பப்பட்டவர்' என்று சொல்லிக்கொடுப்பதில் ஆசிரியர்களுக்கு என்ன சிரமம்?

ஏற்காட்டுக்கு மேலே, 1,600 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுக்குப் போனால் அங்கே சார்னோகைட்டைத் தேடாதீர்கள். கோடிக்கணக்கான மழைகள் அதைக் கரைத்துவிட்டன. எஞ்சிய செம்மண்ணிலும் பாக்சைட்டிலும்தான் நீங்கள் நிற்பீர்கள். ஒரு காலத்தில் இங்கிருந்து பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு அலுமினியம் எடுக்க அனுப்பினார்கள். பாறையைப் பார்க்கத் திரும்பி இறங்கி வரவேண்டும். சாலையோரம் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் சில்லு ஒன்று போதும். ஒரு கைலென்சை வைத்துக்கொண்டு வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போலப் புகைநீலமாகத் தெரிவது குவார்ட்ஸ். பச்சை கலந்து தட்டையாக ஒளிர்வது பெல்ஸ்பார். இடையிடையே மங்கிய பழுப்பாக, வெல்லத்துண்டு போல மின்னுகிறதே, அதுதான் ஹைப்பர்ஸ்தீன்.